தடுமன் பிடிச்சிருக்கு சார், நடக்க வரவா வேண்டாமா?

மார்கழி பிறந்துவிட்டால் அதிகாலை நாலரை மணிக்கு என் போனில் வந்து விழும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இந்தக் கேள்விதான். காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது காலையில் மைதானத்துக்கு நடக்க வரும் கூட்டத்துக்கு விசில் இல்லாத பி.டி. வாத்தியார். வாத்தியார் என்றுதான் சொன்னேன், வைத்தியர் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பித் தொண்டை கட்டிப்போனதால் எழுதிவைக்கிறேன்.

மூக்கு ஒழுகுது, தும்மல் வேற. மத்தபடி ஒண்ணுமில்ல. வரலாமா?

வரலாம். வேகத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

விளையாட்டு மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கழுத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. தொந்தரவு கழுத்துக்கு மேலேயே நின்றால், அதாவது மூக்கு ஒழுகல், மூக்கடைப்பு, தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்ற அளவில் இருந்தால், மிதமான உடற்பயிற்சி செய்யலாம். கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் படுக்கை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஆரோக்கியமான இளைஞர்களின் மூக்கில் சாதாரணச் சளி வைரஸை வேண்டுமென்றே விட்டு, 34 பேரை ஒன்றுவிட்டு ஒரு நாள் 40 நிமிடம் மிதமான பயிற்சி செய்யவைத்தார்கள். 16 பேரைச் சும்மா இருக்கச் சொன்னார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் சளியின் கடுமையிலோ, இருந்த நாட்களிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1998-இல் வெளியான முடிவு இது. பயிற்சியால் சளி கூடவில்லை, குறையவும் இல்லை. குறையவில்லை என்ற பாதியைத்தான் நம் ஆட்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, அந்தச் சோதனையில் இருந்தவர்கள் கல்லூரி வயசுப் பிள்ளைகள். அறுபத்தெட்டு வயசில் பி.பி. மாத்திரை போடுகிற என்னையும் அதே தராசில் வைத்துப் பார்க்க முடியாது.

கழுத்துக்குக் கீழேன்னா எதையெல்லாம் சேர்க்கணும்?

நெஞ்சுச் சளி, கோழை வரும் இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சில் இறுக்கம், இளைப்பு, வயிற்றுப்போக்கு, வாந்தி. இவற்றில் எது வந்தாலும் ஷூவைத் தொடாதீர்கள். காய்ச்சலையும், மேலெல்லாம் அடித்துப் போட்டதுபோன்ற வலியையும் இதே கணக்கில் சேர்க்கவேண்டும். சாதாரணத் தடுமன் மேல்வலியைப் பெரிதாகத் தராது. மேலுக்கு முடியாமல் சுருட்டிப் போடுகிறதென்றால் அது வெறும் தடுமனாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஃப்ளூவோ கொரோனாவோ டெங்குவோ, எதுவாகவும் இருக்கலாம்.

லேசாத்தான் சுடுது சார். கை வச்சுப் பார்த்தா தெரியவே தெரியாது.

கை வைத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். தெர்மாமீட்டர் வாங்குங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டால் அது காய்ச்சல். அதற்கு மேல் பேச்சுவார்த்தை கிடையாது. 99-இல் நின்று உடம்பு கனகனவென்று இருந்தாலும் அன்றைக்கு லீவு போடச் சொல்வேன்.

உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் பத்துத் துடிப்பு கூடுதலாகத் துடிக்கும். படுத்திருக்கும்போதே இதயம் மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நீங்கள் வேறு ஓடினால் இரண்டு சுமையையும் அதுதான் தூக்கவேண்டும். உடம்பில் நீரும் வேகமாக வற்றும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. சில வைரஸ்கள் இதயத் தசையிலேயே வீக்கத்தை உண்டாக்கும். மயோகார்டைட்டிஸ் என்பார்கள். அரிதுதான். ஆனால் அந்த நிலையில் கடுமையாக ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி, நல்ல திடகாத்திரமான பிள்ளைகளே மைதானத்தில் சரிந்துபோக வாய்ப்பிருக்கிறது. மயோகார்டைட்டிஸ் வந்த விளையாட்டு வீரர்களை மூன்று முதல் ஆறு மாதம்வரை போட்டிப் பக்கமே விடமாட்டார்கள். இரண்டு நாள் படுத்து எழுவதற்கு அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு வந்தா?

இதற்கு என் கதையே பதில்.

எனக்கு ஐம்பத்தொன்று நடந்த வருஷம். தைப்பூசத்துக்குப் பழனி நடைக்குப் பழகிக்கொண்டிருந்தேன். ராத்திரி 101 டிகிரி. விடியற்காலையில் ஒரு 650 போட்டேன், அரை மணி நேரத்தில் குளுகுளுவென்று ஆகிவிட்டது. காய்ச்சல் போய்விட்டது என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டு குன்றக்குடி ரோட்டில் இறங்கினேன். ஆறாவது கிலோமீட்டரில் முழங்காலுக்குக் கீழே கால் என்னுடையதாகவே இல்லை. ஊருணிப் படிக்கட்டு ஒன்றில் உட்கார்ந்தேன். தண்ணீரில் தெரிந்த ஆலமரம் ஆடியது. தண்ணீர் அசையவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. புல்லுக்கட்டுச் சுமந்து வந்த ஒரு அம்மா, ‘என்ன சார், மூஞ்சியெல்லாம் வெளிறிக் கெடக்கு’ என்று கேட்டுத் தன் தூக்குவாளியில் இருந்த நீராகாரத்தை ஊற்றிக் கொடுத்தார். அந்த வருஷம் நான் பழனிக்கு நடக்கவில்லை. பத்து நாள் படுக்கை.

மாத்திரை காய்ச்சலை மறைக்கும், காய்ச்சலுக்கான காரணத்தைப் போக்காது. தெர்மாமீட்டர் காட்டும் எண் மாத்திரை வேகம் அடங்கிய பிறகு எடுத்ததாக இருக்கவேண்டும்.

மெடிக்கலில் ‘சளிக்கு ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு வாங்குகிற கலவை மாத்திரையிலும் பெரும்பாலும் இதே பாராசிட்டமால் உண்டு. கூடவே தூக்கம் வரவழைக்கும் குளோர்ஃபெனிரமைனும், மூக்கடைப்புக்கென்று ஃபீனைலெஃப்ரினும் இருக்கும். தூக்கக் கலக்கத்தோடு இருட்டில் ரோட்டோரம் நடப்பது நல்லதில்லை. மூக்கடைப்பு மருந்துகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, பி.பி. உள்ளவர்கள் கவனிக்கவேண்டும். இத்தனைக்கும் வாய்வழியாகச் சாப்பிடும் ஃபீனைலெஃப்ரினால் மூக்கடைப்புக்குப் பலனில்லை என்று 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது.

நல்லா வேர்க்க ஓடினா சளி கரைஞ்சு போயிடும்னு எங்க ஐயா சொல்வாரே?

எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். வேர்வை வழியாக வைரஸ் வெளியே போவதில்லை. காய்ச்சல் இறங்கும்போது தானாக வேர்க்கும், அதைப் பார்த்துவிட்டு வேர்த்ததால்தான் காய்ச்சல் இறங்கியது என்று தலைகீழாகப் புரிந்துகொண்டோம். நடந்தபின் மூக்கு கொஞ்ச நேரம் திறந்து இதமாக இருப்பது உண்மை. அவ்வளவுதான்.

வரலாமா வேண்டாமான்னு காலையில எழுந்ததும் எப்படி முடிவு பண்றது?

படுக்கையை விட்டு எழுவதற்கு முன் மணிக்கட்டில் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். சாதாரண நாளில் உங்கள் எண் என்னவென்று தெரிந்து வைத்திருந்தால்தான் இது உதவும். வழக்கமாக 68 இருக்கிறவருக்கு 80 காட்டினால் உடம்பு உள்ளே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்து தெர்மாமீட்டர். இரண்டும் சரியாக இருந்தால் வாருங்கள்.

வந்ததும் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். பத்தாவது நிமிடத்தில் வீட்டில் இருந்ததைவிட நன்றாக இருந்தால் தொடரலாம். அதே மாதிரி இருந்தால் இன்னும் பத்து நிமிடத்தோடு முடித்துக்கொள்ளலாம். மோசமாக இருந்தால் உடனே திரும்பிவிடவேண்டும். பாதியில் திரும்பினால் யாராவது சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டு ஐந்து சுற்றையும் முடிக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆண்கள்தான். ஆச்சிமார் யாரும் இப்படிச் செய்வதில்லை, பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள்.

வேகத்துக்கு அளவு: பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

யோகா? ஜிம்? ஊருணிக் குளியல்?

யோகாவில் மூட்டுகளை இளக்குகிற ஆசனங்கள் சரி. தலைகீழாக நிற்பவை வேண்டாம், மூக்கும் நெற்றியும் அடைத்திருக்கும்போது தலை வெடிப்பதுபோல் இருக்கும். மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியையும் தள்ளிவையுங்கள். மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவும் ஜலநேதி செய்கிறவர்கள் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் மட்டும் செய்யவேண்டும். குழாய்த் தண்ணீரும் ஊருணித் தண்ணீரும் மூக்குக்குள் போகக்கூடாது. அரிதாக அதில் இருக்கும் ஒருவகை அமீபா மூளைவரை போய் உயிரையே எடுத்துவிடும்.

ஜிம்முக்குப் போகாதீர்கள். உங்களுக்காகச் சொல்லவில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏ.சி. போட்டு அடைத்த அறையில் நீங்கள் தும்மிய கையோடு பிடித்த கம்பியை அடுத்தவர் பிடிப்பார். முதல் இரண்டு மூன்று நாள் சளி நன்றாகப் பரவும். திறந்த வெளியில் தனியாக நடப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

பனியில நடக்குறதாலதான் தடுமனே பிடிக்குதுன்னு ஆச்சி திட்டுறாங்க.

வைரஸ் இல்லாமல் வெறும் பனி சளியைத் தராது. குளிர்ந்த காற்று மூக்கின் காவலைக் கொஞ்சம் தளர்த்தும் என்பதால் ஆச்சி சொல்வதையும் முழுக்கத் தள்ள முடியாது. மங்கி கேப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டில் சமாதானம் நிலவும்.

ஆனால் நம் ஊரில் தையில் சளி ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று யோசித்துப் பாருங்கள். வருஷமெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீடுகள் கல்யாணத்துக்குத் திறக்கின்றன. சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்குகிறார்கள். முற்றத்தைச் சுற்றிய வளவில் வரிசையாகப் பாய் போட்டு அறுபது பேர் படுக்கிறார்கள். மணவறைக்குப் பக்கத்தில் ஒருத்தர் இருமினால் மூன்றாம் நாள் பட்டாலைக் கூடத்தில் நாலு பேர் இருமுகிறார்கள். சளி வைரஸ் உள்ளே போய் வேலை காட்ட ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், கணக்கு சரியாக வருகிறது. பனியைத் திட்டிப் பயனில்லை. மொய் எழுதிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தூக்கத்தையும் சொல்லவேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 153 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்குகிறவர்களைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்காக இருந்தது. கல்யாண வீட்டில் இரண்டு மணிவரை பேசிவிட்டு, விடாமல் நாலரைக்கு எழுந்து நடக்க வருகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சார், பழனிக்கு நடக்கிறதா வேண்டியிருக்கேன். கிளம்ப நாலு நாள் இருக்கு. தடுமன் பிடிச்சுக்கிருச்சு. என்ன செய்ய?

இதைக் கேட்டவர் அறுபது வயசு ஆச்சி. வருஷம் தவறாமல் நடக்கிறவர். குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற காரியம் இது. மைதானத்தில் நாலு சுற்றுச் சுற்றுவதோடு இதை ஒப்பிட முடியாது. மிதமான பயிற்சிக்குச் சொன்ன சலுகை எதுவும் இதற்குச் செல்லாது.

நாலு நாள் இருக்கிறது என்றால் அந்த நாலு நாளும் நடக்காதீர்கள், தூங்குங்கள். இனிமேல் பழகி ஏறப்போகிற பலம் எதுவுமில்லை. மூன்று மாதம் நடந்து சேர்த்த பலம் நாலு நாளில் போகவும் போகாது. சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாள் இருக்கும், மூன்றாம் நாள் சுமாரில்தான் உச்சத்துக்குப் போகும். கிளம்பும் நாளில் மூக்கு மட்டும் ஒழுகினால் கிளம்பலாம், முகக்கவசம் போட்டுக்கொண்டு. தங்கும் இடங்களில் எத்தனையோ பேரோடு படுக்கப்போகிறீர்கள்.

காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் கூட்டத்தோடு கிளம்பாதீர்கள். தேறியபின் பஸ் ஏறி நத்தத்திலோ திண்டுக்கல்லிலோ போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், மிச்சத்தை நடக்கலாம். வேண்டுதல் குறைந்துவிடுமே என்று ஆச்சி கேட்டார். பஸ்ஸில் வந்தவரை முருகன் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். முறைத்தார். அப்புறம் நத்தத்தில்தான் சேர்ந்தார்.

வழியில் முடியாமல் போனால் சாமான் வண்டியில் ஏறிக்கொள்ள முதல் நாளே மனசைத் தயார் செய்துகொள்ளவேண்டும். இன்னொரு பழக்கத்தையும் விடவேண்டும். கால்வலிக்கென்று ஆளுக்காள் கைமாற்றிக்கொள்ளும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை, வெயிலில் நீர் வற்றி நடக்கும் உடம்பில் போட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால் ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிட்டிருக்கேன் சார். ஒரு வாரம் விட்டா ஸ்டாமினா போயிடும்ல?

போகாது. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும் என்ற பயம் புரிகிறது. ஆனால் நெஞ்சுத் திறன் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கத் தொடங்க இரண்டு வாரம் அளவில் ஆகும். நாலைந்து நாள் ஓய்வு கணக்கிலேயே வராது. காய்ச்சலோடு ஓடி மூன்று வாரம் படுத்தால்தான் போகும்.

கடும் ஓட்டத்துக்கு இன்னொரு குணம் உண்டு. 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானில் ஓடியவர்களிடம் விசாரித்தபோது, அடுத்த வாரத்தில் 12.9 சதவீதம் பேருக்கு உடம்பு முடியாமல் போயிருந்தது. அதேபோலப் பயிற்சி எடுத்தும் அன்று ஓடாதவர்களில் அது 2.2 சதவீதம்தான். அவரவர் வாயால் சொன்ன கணக்கு என்று இதைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. ஆனாலும் செலக்‌ஷனுக்கு முந்தின வாரம் முழு வேகத்தில் ஓடித் தீர்க்கவேண்டாம் என்று பையன்களிடம் சொல்ல எனக்கு இது போதும். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கென்று தயாராகிறவர்களுக்கும் இதேதான். மாட்டுக்கு உங்கள் காய்ச்சல் தெரியாது.

சர்க்கரை, ஆஸ்துமா இளைப்பு இருக்கிறவங்களுக்கு?

கழுத்துக் கணக்கு உங்களுக்குப் போதாது. தொற்று வந்தாலே சர்க்கரை ஏறும், வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்கவேண்டும். சாப்பாடு இறங்காத நாளில் மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுவிட்டு நடந்தால் ஒரேயடியாக இறங்கவும் செய்யும். இளைப்பு உள்ளவர்களுக்கு மூக்குச் சளியே இரண்டு நாளில் நெஞ்சுக்கு இறங்கலாம். குளிர்ந்த காலைக் காற்று வேறு தூண்டிவிடும். இதய நோய் உள்ளவர்களும் சேர்த்து, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

சுக்குக் கசாயம், ஆவி, கோழி ரசம்?

எல்லாம் இதமானவைதான், சளியின் நாட்களைக் குறைப்பதாக நம்பவேண்டாம். தொண்டைக்குச் சூடும், உடம்புக்கு நீரும் கிடைக்கிறது. மிளகு தூக்கலாக வைத்த கோழி ரசத்துக்கு நான் கட்சி கட்டிப் பேசுவேன், அது மருத்துவக் கருத்து அல்ல. ஆவி பிடிக்கும்போது குழந்தைகள் பக்கத்தில் வெந்நீர்ச் சட்டியை வைக்காதீர்கள். வைட்டமின் சி மாத்திரை, சளி வந்தபின் தொடங்கினால் பலன் தெரிவதில்லை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

சரியாப் போச்சு. பழையபடி எப்ப ஓடலாம்?

மாத்திரை இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் வராமல் இருந்தபின் மெல்ல நடக்கலாம். முதல் நாள் வழக்கத்தில் பாதித் தூரம். எத்தனை நாள் படுத்தீர்களோ குறைந்தது அத்தனை நாள் எடுத்துப் பழைய வேகத்துக்கு வாருங்கள். வறட்டு இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம், அதற்காக நடையை நிறுத்தவேண்டாம். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடப்பு வந்தாலோ, கண் இருட்டினாலோ, அன்றே டாக்டர்.

டாக்டரிடம் போகவேண்டிய வேறு நேரங்கள்: காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால், இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினால், படுத்தாலும் மூச்சு வாங்கினால், கோழையில் ரத்தம் தெரிந்தால். மழை முடிந்த மாதங்களில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி, வயிற்று வலி, ஈறில் ரத்தம் என்று வந்தால் மூன்று நாள்கூடக் காத்திருக்கவேண்டாம்.

சும்மா படுத்தே கிடந்தா கிறுக்குப் பிடிக்குது சார். ஏதாச்சும் சொல்லுங்க.

காய்ச்சல் இல்லையென்றால் வீட்டுக்குள் நடங்கள். இதற்கென்றே கட்டியதுபோல வீடு வைத்திருக்கிறோம். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். முகப்பிலிருந்து கிளம்பி, வளவைச் சுற்றி, ரெண்டாங்கட்டு வழியாக அடுப்படி தொட்டுத் திரும்பினால் ஒரு நடை. பத்து நடை போதும். பட்டாலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆத்தங்குடிக் கல் தரை ஜில்லென்று இருக்கும், செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக் காலை தெர்மாமீட்டரில் என்ன காட்டியது என்று மட்டும் எனக்கு அனுப்புங்கள், ஐந்து மணிக்குப் பிறகு.